அறுபது பூவுக்கு ஒரு சாவி

எலுமிச்சங்காயை மூக்கால் எடைபோடுகிற மனிதர் ஆறுமுகநயினார். மேலே தேர்ந்த காயும் அடியில் சொத்தையும் அடுக்கியிருக்கிறானா என்று சாக்கை அவிழ்க்கும் முன்பே வாசத்தை வைத்துச் சொல்லிவிடுவார். புளியங்குடி மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் கமிஷன் வியாபாரம். விற்கிறவனிடமும் தரகு, வாங்குகிறவனிடமும் தரகு. அப்படியும் இரண்டு பேரும் போகும்போது கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்பேர்ப்பட்டவரைத் தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில், சொந்த மகன் வீட்டில், பகல் முழுக்கப் பூட்டி வைத்திருந்தார்கள்.

பேச்சுக்குச் சொல்லும் பூட்டு அல்ல. இரும்புக் கேட், அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டு. காலையில் மகன் விஜயசங்கர் பைக்கில் ஆபீசுக்குப் போவான். அவனுக்குப் பின்னாலேயே மருமகள் சண்முகப்பிரியா கேட்டைப் பூட்டுவாள், பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள், சாவியைக் கைப்பையில் போடுவாள். பிறகு பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசாவின் மகள் ஹஸீபாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, தான் வேலை பார்க்கும் பேங்குக்குப் போவாள். மறுபடி கேட் திறக்கச் சாயங்காலம் ஆறு மணி ஆகும். 'அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தினமும் சும்மா கொண்டுபோய் விடுகிறாளே, இந்தக் காலத்தில் எவன் சும்மா எதைச் செய்கிறான்?' என்று ஆறுமுகநயினாருக்கு ஆரம்பத்திலேயே ஒரு சந்தேகம் தட்டியது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் பின்னால் வந்ததை முன்னாலேயே கண்டிருப்பார். அடைபட்ட கவலையில் விட்டுவிட்டார்.

பூட்டியதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுக்காரி காலமான பிறகு புளியங்குடியில் தனியாக இருந்தவர், மாசி மாதம் கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். சட்டைப்பையில் போன் இல்லை. ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெயர் தெரியாத ஆளாகக் கிடந்தார். நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்து இங்கே கொண்டுவந்தார்கள். வந்தவர் சும்மா இருந்தாரா? வீட்டில் சொல்லாமல் இரண்டு தடவை மண்டிக்குப் பஸ் ஏறினார். மூன்றாம் தடவை கேட்டுக்கு வந்தபோது பித்தளைப் பூட்டு தொங்கியது.

மாற்றுச் சாவி ஒன்று ஷரீபுன்னிசாவிடம் இருந்தது. அவள் புருஷன் ரிஃபாத்துக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. மகளும் அவளும் மட்டும்தான் வீட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவே நெஞ்சுயரச் சுவர்.

"யம்மா, ஒரு மணி நேரம் திறந்து விடு. டீ குடிச்சிட்டு வந்துருதேன்."

"அது அமானிதம் அண்ணாச்சி. என்னைய நம்பிக் குடுத்திருக்காவ. ஒங்களுக்கு நெஞ்சு வலிச்சாத் திறப்பேன். டீக்கெல்லாம் திறக்க மாட்டேன்."

"சரி, நெஞ்சு வலிக்குதுன்னே வச்சுக்கிடுவோம்."

"அப்ப மொதல்ல ஆம்புலன்சக் கூப்பிடுதேன். அது வந்த பொறவு திறக்கேன்."

இவளிடம் பருப்பு வேகாது என்று தெரிந்துகொண்டார்.

பேசிப் பழகிய நாக்கு சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும். கம்பிக்கு உள்ளே நின்றபடியே, தெருவில் வருகிற தள்ளுவண்டிக்காரர்களிடம் தெருப் பெண்களுக்காகப் பேரம் பேச ஆரம்பித்தார். "ஏலே, இந்தக் கத்திரிக்காய்க்கு ஓட்டுப் போடுத வயசாயிருச்சேலே! இதப் போயி பிஞ்சுன்னு விக்குதியே!" பெண்கள் சிரித்தார்கள், வண்டிக்காரர்கள் விலையில் இறங்கி வந்தார்கள். பதினைந்து நாளில் ஒரு மீன்காரர் தெருவையே மாற்றிக்கொண்டார். தெருவில் அவருக்குக் 'கேட் அண்ணாச்சி' என்று பெயர் விழுந்தது. பேரம் முடிந்து எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். குற்றாலத்துக்குப் போகிற பஸ்ஸின் ஹாரன் மெயின் ரோட்டிலிருந்து கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து மணி சொல்லப் பழகியபோதுதான், தான் ஜெயிலில் இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

சித்திரைக் கடைசியில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. குற்றாலம் ரோட்டு நர்சரியில் சண்முகப்பிரியா ஒரு பாக்கெட் ஜீனியா விதை வாங்கி வந்து, சுவரோரம் மண்ணைக் கொத்தியும் வைத்திருந்தாள். பேங்கில் வேலை நெருக்கியதில் பாக்கெட் பிரிட்ஜ் மேலேயே கிடந்தது.

"மாமா, சும்மா இருக்கதுதான ஒங்களுக்குக் கஷ்டம்? இந்த ஜீனியாவப் போட்டு வளத்துப் பாருங்களேன்."

"வளத்தா என்ன தருவே?"

இட்லியைப் பிட்ட அவள் கை நின்றது. சண்முகப்பிரியா செங்கோட்டைப் பாத்திரக்கடைக்காரர் மகள். பித்தளைச் செம்பைச் சுண்டி, ஒலியிலேயே ஈயப்பூச்சு சொல்லுகிற குடும்பம். "என்ன வேணும்?" என்றாள்.

"கேட் சாவி. நான் நெனச்சா வெளிய போணும், வரணும்."

விஜயசங்கருக்குப் புரையேறியது. அவள் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நூறு பூ. ஒரே நேரத்துல, செடியில, விரிஞ்சு நிக்கணும்."

'முதலில் எண்ணைச் சொல்லுகிறவன் பாதி தோற்றவன்' என்பது மண்டிப் பாடம். ஆறுமுகநயினாருக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாக ரத்தம் சூடாக ஓடியது. "இருபத்தஞ்சு" என்றார்.

"தொண்ணூறு."

"பூக்கடையா வைக்கப் போறே? முப்பது."

ஒரே ஒரு இடைஞ்சல். அவர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற பழைய ஆள். எதிராளியின் விரல் நடுக்கத்தில் அவனுக்கு எவ்வளவு அவசரம் என்று பிடித்துவிடுவார். மருமகள் கையைப் பிடித்தா விலை பேசுவது? வாயால் பேசி, மகனைச் சாட்சி வைத்து, அறுபதில் முடித்தார்கள்.

"என்னைக்கு எண்ணுதது?" என்றாள்.

"ஆடிப் பதினெட்டு காலைல" என்றார் சட்டென்று. எலுமிச்சைக்காரருக்கு ஆடி என்றால் வாங்குகிறவன் ராஜா. சாரலில் எவன் சர்பத் குடிப்பான்? காய் சீரழியும், கேட்ட விலைக்குக் கிடைக்கும். சாவியை வாங்கப் போகிறவர் தான்தானே என்று நல்ல மாதமாகப் பார்த்துச் சொன்னார்.

"சரி மாமா" என்றாள், ஒரு பேச்சு மறுக்காமல்.

எதிராளி சட்டென்று ஒத்துக்கொண்டால் எங்கேயோ தப்பு.

தப்பு எது என்பதை மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஷரீபுன்னிசா விளக்கினாள். "ஜீனியா வெயில் குடிக்கிற செடி அண்ணாச்சி. ஆனி ஆடி நம்ம ஊர்ல சூரியனையே தேடணும். சாரல் பட்டா இலையில சாம்பல் பூத்துரும், காத்துல தண்டு ஒடியும். எண்ணுத நாள நீங்க பங்குனியிலயில்லா கேட்டிருக்கணும்?" அவள் மொட்டைமாடியில் தகரத் தொட்டிகளில் ஜீனியா சிவப்பும் ஆரஞ்சுமாகப் பூத்துக் கிடந்தது. போன வருஷச் சாரலிலும் பூத்ததாம்.

"எப்படி?"

"சும்மா சொல்லுவேனா?"

ஆறுமுகநயினாருக்கு அவள் மேல் மரியாதை வந்தது. ஒரு யோசனைக்கு ஒரு பேரம் என்று முடிவாயிற்று. பெயிண்டரிடமும் பிளம்பரிடமும் மீன்காரரிடமும் ஷரீபுன்னிசாவுக்காக அவர் வாய் பேசும். செடிக்காக அவள் வாய் பேசும்.

விதை என்று பார்த்தால் காய்ந்த ஓலைத் துணுக்கு மாதிரி. 'இதுவா முளைக்கும்?' என்று விரல் நுனி ஆழத்தில் போட்டார். ஐந்தாம் நாள் பச்சைக் காது நீட்டிக்கொண்டு முப்பது வந்து நின்றன. "ஒரு சாண் இடைவெளி விட்டு மிச்சத்தப் பிடுங்குங்க. நெருக்கி நின்னாக் காத்துப் போவாது, சாம்பல் வரும்" என்றாள். பன்னிரண்டை நிறுத்தினார். தண்ணீர் இலையில் படாமல் வேரில் மட்டும், அதுவும் காலையில் மட்டும் ஊற்றினார். ஆனியில் காற்று எழுந்தபோது செடிக்கு ஒரு குச்சி ஊன்றிப் பழைய வேட்டிக் கரையால் கட்டினார். அப்படியும் இலையில் வெள்ளை விழுந்தது. "புளிச்ச மோரத் தண்ணியா அடிச்சு, வெயில் எட்டிப் பாக்குத நேரமாப் பாத்துத் தெளிங்க" என்று வந்தது அடுத்த யோசனை. டாக்டர் சொன்னதற்காக மருமகள் தினமும் வைத்துவிட்டுப் போகிற உப்பில்லாத மோர் அன்று முதல் செடிக்குப் போயிற்று. உப்பில்லாததைக் குடிக்க ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்கும் நிம்மதி.

பகல் முழுக்க அந்தப் பத்தடி மண்ணும் சுவரும்தான். செடியைச் சுற்றிப் போவார், கேட் வரைக்கும் நடப்பார், பூட்டைத் தொட்டுப் பார்ப்பார், திரும்பி வருவார். பூட்டில் அவர் விரல் பட்ட இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது. மண்டியில் இந்நேரம் அவர் பெஞ்சில் எவன் உட்கார்ந்திருப்பான் என்று நினைப்பு ஓடும். உடனே செடியில் மொட்டைத் தேடுவார்.

மொட்டு வந்தது. பன்னிரண்டு செடியிலும் உச்சியில் ஒவ்வொன்று. சாவியைக் கையில் வாங்கிவிட்ட மாதிரி சுவருக்கு மேல் கூவினார். ஷரீபுன்னிசா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னும் கிள்ளலையா? கிள்ளுங்க அண்ணாச்சி, எல்லாத்தையும்!"

"எத?"

"மொட்டத்தான். உச்சியக் கிள்ளினாத்தான் பக்கத்துல நாலஞ்சு கிளை வெடிக்கும். இல்லைன்னா செடிக்கு ஒண்ணு ரெண்டு பூத்தான், பாத்துக்கிடுங்க."

ஆறுமுகநயினார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "யம்மா, இதுல்லா போணி! கடையத் திறந்ததும் வாசல்ல வந்து நிக்குத மொத ஆளு. போணியத் தட்டி விட்டா அன்னைக்கு ஏவாரம் விளங்குமா? நட்டத்துக்காவது போணி பண்ணணும்னு எங்க அய்யா சொல்லுவாரு."

"செடி கடையா வச்சிருக்கு?"

"காய்க்கிறது, பூக்கிறது எல்லாம் கடைதான்."

ஒரு வாரம் தள்ளினார். ராத்திரி படுக்கையில் ஆறு மணி நேரம் பெயரில்லாமல் கிடந்த அந்தக் கட்டில் நினைவுக்கு வரும். காலையில் கேட் பூட்டுகிற சத்தம் வரும். பூட்டுதான் ஜெயித்தது. எட்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிள்ளினார். பதினொன்று கிள்ளியானது. பன்னிரண்டாவது, கேட்டுக்குப் பக்கத்துச் செடி. முதலில் மொட்டு விட்டதே அதுதான். அதன் கழுத்தில் நகத்தை வைத்தார், எடுத்துவிட்டார். 'ஒண்ணே ஒண்ணு போணியாக இருக்கட்டும்.' ஷரீபுன்னிசாவிடம் மூச்சு விடவில்லை.

ஆடி பிறந்ததும் கிள்ளிய செடிகள் குட்டையாகப் புடைத்து, கைக்கு ஐந்து விரல் மாதிரி கிளைவிட்டன. போணிச் செடி மட்டும் நெட்டையாக, உச்சியில் ஒரே ஒரு சிவப்புப் பூவோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. பார்க்க அழகு. எண்ணிக்கைக்கு ஆகாது.

இந்தச் சமயத்தில்தான் வாய் தன் வேலையைக் காட்டியது. சரக்கு நன்றாக இருந்தால் அதை வாங்குகிறவனிடமே பெருமையடிக்காமல் இருக்க எந்த வியாபாரியாலும் முடியாது. ஷரீபுன்னிசா சொல்லிக்கொடுத்த ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் தன் சொந்தக் கண்டுபிடிப்பாக எடுத்துவிட்டார்.

"பூ முத்திருச்சான்னு எப்படித் தெரியும், சொல்லு பாப்போம்? பூவுக்கு ஒரு சாண் கீழ தண்டப் புடிச்சு லேசா ஆட்டணும். வெறைப்பா நின்னா முத்தின பூ. தலையாட்டுச்சுன்னா பிஞ்சு. நம்ம பூவப் புடிச்சு ஆட்டிப் பாரு, ராணுவக்காரன் மாதிரி நிக்கும்!"

"அப்படியா மாமா?" என்று சண்முகப்பிரியா மோர் ஊற்றினாள்.

ஆடிப் பதினேழு. மத்தியானம் எண்ணினார். பதினொரு செடியில் செடிக்கு ஐந்தாக ஐம்பத்தைந்து. போணிச் செடியில் விளிம்பு வெளுத்த பழைய பூவும், தாமதமாக வந்த இன்னொன்றும். ஐம்பத்தேழு. மறுபடி எண்ணினார். சுவரோரமிருந்து எண்ணினார், கேட்டோரமிருந்து எண்ணினார். எங்கிருந்து எண்ணினாலும் ஐம்பத்தேழு. கிள்ளாமல் விட்ட ஒரே ஒரு போணி மூன்று பூவைத் தின்றுவிட்டது. மேலே சாரல், முன்னால் பூட்டு. குனிந்து நின்றவருக்கு இடுப்பு நிமிரவில்லை.

ஷரீபுன்னிசா விஷயத்தைக் கேட்டாள், திட்டவில்லை. மாடிக்குப் போய் மூன்று சிவப்புப் பூவைத் தண்டோடு வெட்டிக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்தாள். "கம்பி வச்சு இறுக்கிக் கட்டுங்க."

மேலே நல்ல காய், அடியில் சொத்தை. முப்பத்தெட்டு வருஷமாக எத்தனை பேரை அதற்காகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்! பூக்களைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். வீட்டில் கம்பி இல்லை. விளக்குமாற்றில் ஈர்க்குச்சி இருந்தது. விடியற்காலையில் போணிச் செடியின் இலை இடுக்கில் மூன்றையும் ஈர்க்கு வைத்துச் செருகினார். தூர நின்று பார்த்தால் செடிக்கே தெரியாது.

ஏழு மணிக்குச் சண்முகப்பிரியா குளித்துவிட்டு வந்தாள். விஜயசங்கர் சாட்சிக்குப் பல்விளக்கிக்கொண்டே நின்றான். அவள் விரல் நீட்டி எண்ணுவாள் என்றுதான் ஆறுமுகநயினார் நினைத்திருந்தார். அவள் முதல் செடியிடம் குனிந்தாள். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்தாள். லேசாக ஆட்டினாள்.

"ஒண்ணு" என்றாள்.

ஆறுமுகநயினாருக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்டும் சேர்ந்து துடித்தன. ஐம்பத்தைந்து வரைக்கும் பூக்கள் ராணுவக்காரன் மாதிரியே நின்றன. போணிச் செடிக்கு வந்தாள். ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. அடுத்ததை ஆட்டினாள், பூ கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவது ஆட்டுவதற்கு முன்பே விழுந்தது. மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சியை உருவிப் பார்த்தாள்.

"ஏலே, நீ உள்ள போ" என்றார் மகனிடம். அவன் நுரையோடு உள்ளே போனான்.

"மாமா, நம்ம விளக்குமாறுதான?"

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கடையநல்லூர்ல நீங்க கிடந்த அன்னைக்கு மூணு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம். எங்க அம்மாவப் பாக்க செங்கோட்டைக்குப் போயி அஞ்சு மாசமாச்சு. பேங்குல கவுண்டர்ல இருக்கும்போதும் நெனப்பு இங்கனதான் இருக்கு. பூட்டுனது நான்தான், ஆனா உள்ள கெடக்கது நீங்க மட்டும்னு நெனைக்காதீங்க." குரலைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்குள் இருந்த பாத்திரக்கடைக்காரர் மகள் திரும்பி வந்தாள். "அம்பத்தேழுக்கு அம்பத்தேழுதான். மூணு குறைஞ்சா வாரத்துல மூணு நாள் பூட்டு, சாவி எங்கிட்ட. திங்கள், புதன், வெள்ளி."

வழுக்கிய கால் தரையில் ஊன்றினாற்போல் இருந்தது அவருக்கு. பேரம்! பேரம் என்றால் கடை இன்னும் அடைக்கவில்லை. "ரெண்டு நாள்" என்றார்.

"விளக்குமாத்துக்குத் தனியா ஒரு நாள் போடவா?"

"மூணே இருக்கட்டும்."

"போன எடுத்துட்டுப் போணும். மணி மூணு தடவ அடிக்கதுக்குள்ள எடுத்துப் பேசணும்."

"பேசுதேன்."

உள்ளே போய்க் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துவந்து, கை படாமல் அவர் உள்ளங்கையில் போட்டாள். அவர் செருகிய பூ மூன்றையும் சொம்புத் தண்ணீரில் வைத்துவிட்டுப் பேங்குக்குப் போனாள். பொய்ப் பூவானாலும் பூ பூதானே.

முதல் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆறுமுகநயினார் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பூட்டைத் திறந்தார். வெளியே வந்து பூட்டினார். பழக்கதோஷம், தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். தெரு முனை தாண்டி மெயின் ரோட்டு ஸ்டாப்பில் நின்றார். குளித்துத் திரும்புகிற கூட்டத்தோடு, ஜன்னலெல்லாம் ஈரத் துண்டு தொங்க, குற்றாலத்திலிருந்து பஸ்கள் வந்தன. தென்காசியில் மாறிப் புளியங்குடி பஸ்ஸைப் பிடித்தால் பதினொன்றரைக்கு மண்டி. சாரல் முகத்தில் விழுந்தது. துடைக்க மனசில்லாமல் நின்றார்.

போன் அடித்தது. இரண்டாம் மணியில் எடுத்தார்.

"மாமா, மேல் பட்டன் போடலையாமே? சாரல் அடிக்குது, போட்டுக்கிடுங்க."

கை தானாகப் பட்டனுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. பேங்கில் இருக்கிறவளுக்குப் பட்டன் எப்படித் தெரியும்? மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். வீடுகளுக்கு மேலே பக்கத்து வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. ஆரஞ்சும் சிவப்புமான ஜீனியாவுக்கு நடுவே, காதில் போனோடு ஷரீபுன்னிசா நின்றாள். அவரைப் பார்த்ததும் போனை இறக்கி, துணி காயப்போடுகிறவள் மாதிரி வெறுங்கொடியை இழுத்து விட்டாள்.

தினமும் ஸ்கூட்டியில் போகிற ஹஸீபா ஞாபகத்துக்கு வந்தாள். சும்மா இல்லை, அது காவலுக்குக் கூலி. மூன்று பூ விஷயம் ஆடிப் பதினெட்டு விடியும் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். பூவும் கொடுத்து, பூவைப் பற்றிய செய்தியும் கொடுத்திருக்கிறாள். விற்கிறவனிடமும் தரகு, வாங்குகிறவனிடமும் தரகு! ஆறுமுகநயினாருக்குக் கோபம் வர வேண்டிய இடம். சிரிப்புத்தான் வந்தது. இருந்த இடத்திலிருந்து மாடியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

பஸ் வந்தது. படியில் கால் வைக்கும்போதே மறுபடி அடித்தது.

"ஏறியாச்சா மாமா?"

"ஏறிட்டேன்." இடம் பிடித்து உட்கார்ந்தார். கேட்டில் இருந்த பூட்டு கழன்று சட்டைப்பைக்குள் ஏறிக்கொண்டது என்று அவருக்கு விளங்கியது. இதற்குக் கம்பியும் இல்லை, பிடித்துக்கொண்டு நிற்க. "யம்மா, இப்படி நிமிசத்துக்கு ஒரு போனுன்னா சரிப்படாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிடுவோம்."

"எத்தனை பூ?"

வாய் வரைக்கும் வந்த எண்ணை விழுங்கினார். "நீயே சொல்லு" என்றார்.

"எம்பது."

கண்டக்டர் வந்து நின்று எங்கே என்று கேட்டார். ஆறுமுகநயினார் ஒரு விரலைக் காட்டிக் காத்திருக்கச் சொன்னார். ஆடிப் பதினெட்டுக் கணக்கு மனசில் ஓடியது. இந்தத் தடவை பன்னிரண்டையும் கிள்ள வேண்டும். போணி, கீணி என்று பார்க்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கேட்டோரச் செடியின் தலையில் நகத்தை வைத்துவிட வேண்டும்.

"நாப்பது" என்றார் போனில்.